மீன் வாத்தியார் வீட்டுக் கரண்டு

கடலூர் செம்மண்டலத்தில் வந்து ஸ்ரீதர் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மீன் வாத்தியார் வீடு என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். இந்தப் பெயர் கிடைத்தது சுனாமிக்கு மறு வருஷம். கடல் என்ற பேச்சை எடுத்தாலே ஊர் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது இந்த மனுஷர் மட்டும் சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போய், மீன் வளர்க்கப் போகிறேன் என்று உப்புத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தார். "ஒன் வூட்டுக்காரருக்கு மண்டையில எதனா அடிபட்டுச்சா?" என்று எதிர்வீட்டு மங்கலம் அவர் பெண்டாட்டி அமராவதியைக் கேட்டாள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

ஸ்ரீதருக்கு வேலை சிதம்பரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். தினம் ஏழு பத்து பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் அலுத்துக் களைத்து வருவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்காருவார். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்காகக் கூடத்தில் கிடந்த சோபாவை வெளியே தள்ளினார். அமராவதி சீர் கொண்டுவந்த சோபா. அதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

அவனவன் வீட்டில் கலர் மீன் வளர்ப்பான், பார்க்க அழகாக இருக்கும். இவர் வளர்த்தது புல். கடலுக்கு அடியில் முளைக்கிற புல். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மண்ணோடு பெயர்த்து எடுத்துவருவார். ஐந்து வருஷம் கொண்டுவந்த புல்லெல்லாம் அழுகித்தான் போனது. ஆறாவது வருஷம் என்ன நினைத்ததோ, ஒரு மூலையில் வேர் பிடித்து மெல்லப் பரவி, பொன்னாங்கண்ணி இலை மாதிரி சின்னச் சின்னதாகத் துளிர்விட்டது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் புல்லுக்குள் விட்டதுதான் பிளென்னி. விரல் நீள மீன், ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. தேவனாம்பட்டினத்துக் கருங்கல் இடுக்கில் பிடித்தது. கையை ஊன்றிக்கொண்டு உட்காருவது போல முன்துடுப்பை ஊன்றிக்கொண்டு கல்மேல் உட்காரும். தடித்த உதடு, முட்டைக் கண், கண்ணுக்கு மேலே இரண்டு மயிர். முதல் நாள் பார்த்ததும் அமராவதி, "அடடே, நம்ம சுப்பராயலு மாமா மாதிரியே இருக்குதுங்க!" என்றாள். கல்யாண வீட்டில் சாப்பாடு பிந்தினால் அந்த மாமா முறைக்கிற முறைப்பு அப்படியே அதன் முகத்தில் இருந்தது. அன்றையிலிருந்து ஆண் மீனுக்கு மாமா என்றே பெயர் நின்றுவிட்டது. வெளியே கரித்துக்கொட்டுவாளே தவிர, சமையலுக்கு நடுவில் வந்து வந்து மாமாவைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசி வாரத்தில், தொட்டியில் கிடந்த ஒரு சங்குக்குள் முட்டை இட்டது பெண் மீன். கடுகைவிடச் சின்ன முட்டை, நூற்றுக்கணக்கில். ஸ்ரீதர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் சப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷம்! பள்ளிக்கூடத்தில் கேலி, தெருவில் கேலி, மாமனார் வீட்டில் கேலி. எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒன்று போதும் அவருக்கு.

"பொட்டை முட்டையப் போட்டுட்டுப் போயிடும் அமரா. பொரியிற வரைக்கும் காவல் காக்கறது, விசிறி விடறது எல்லாம் ஆம்பளதான். பத்து நாளு அது நகராது."

"பரவாயில்லியே, கடல்லயாவது அப்படி நடக்குது" என்றாள் அமராவதி.

மூன்றாம் நாள் விடியற்காலையில், தானே என்று பெயர் வைத்த புயல் வந்தது.

அதைப் பற்றி என்ன சொல்வது? கடலூரில் நின்ற மரத்தைவிட விழுந்த மரம் ஜாஸ்தி. கரண்டுக் கம்பமெல்லாம் முறிந்து கம்பி தெருவில் கிடந்தது. இவர்கள் வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவரும் முருங்கை மரமும் போயின. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரண்டு இல்லாமல் மோட்டார் நின்றது, காற்றுக்குழாய் நின்றது. தண்ணீர் அசையாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சொம்பை எடுத்துக்கொண்டார்கள். தொட்டித் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து அதிலேயே ஊற்றுவது, மொள்ளுவது, ஊற்றுவது. ஒருவர் தூங்கினால் ஒருவர் ஊற்றினார். முப்பது மணி நேரம். அமராவதியின் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. சங்குக்குள்ளிருந்து மாமா தலையை மட்டும் நீட்டி அவளை முறைத்துக்கொண்டே இருந்தது.

"ஒனக்கு வந்த வாழ்வப் பாருடா" என்று அதை வைதுகொண்டே ஊற்றினாள். அந்த முப்பது மணி நேரத்தில்தான், அவளை அறியாமல், அந்த முட்டைகள் அவளுடையவையும் ஆயின.

மறுநாள் அவள் தம்பி அன்பரசு சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தான். பந்தலுக்கு லைட், மைக் வாடகைக்கு விடுகிற தொழில் அவனுக்கு. மினி வேனில் ஒரு சின்ன ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, வழியில் விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். அதைக் கொல்லையில் இறக்கி, இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு ஒயரைக் கொடுத்தான். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை கூடத்துச் சுவரில் இருக்கிற பிளக்கில். அவ்வளவுதான், வீடு முழுக்கக் கரண்டு.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. மொதல்ல மெயின ஆஃப் பண்ணணும். அப்புறம் ஒயர சொருகணும். அப்புறந்தான் கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். மெயின் ஆன்ல இருந்தா நம்ம கரண்டு வெளிய கம்பிக்கிப் போயிடும், தெரியுதா?"

"நான் சயின்ஸ் வாத்தியாருடா மச்சான்" என்றார் ஸ்ரீதர்.

"அதான் பயமா இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போனான் அன்பரசு.

இரண்டு மணி நேரம் ஓட்டுவது, ஒரு மணி நேரம் ஆற விடுவது. ஸ்ரீதர் ஒவ்வொரு தடவையும் "மெயின் ஆஃப்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கயிற்றை இழுப்பார். அமராவதியும் கற்றுக்கொண்டாள். பெட்ரோல் வரிசையில் அவர் நிற்கும்போது அவள்தானே ஓட்டியாக வேண்டும். முட்டைகள் நிறம் மாறின. ஆறாம் நாள், ஏழாம் நாள் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் கண் தெரிந்தது.

ஜனவரி ஆறாம் தேதி காலையில் ஸ்ரீதர் ஆறு கேனோடு ஆட்டோ பிடித்துச் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குக் கிளம்பினார். தொட்டித் தண்ணீர் கெட ஆரம்பித்திருந்தது, மாற்ற வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஆற்று வெள்ளம் கலந்து கடலே சேறாகக் கிடந்தது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பொரிஞ்சிடும் அமரா. நான் வர்ற வரைக்கும் அதுக்கு மூச்சு நிக்காம பாத்துக்க. அது மட்டும் போதும் எனக்கு."

"நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். பாவி, அப்படித்தான் சொன்னாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தெருவுக்குக் கரண்டுக்காரர்கள் வந்தார்கள். புயலுக்குப் பிறகு எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து கடலூரில் இறக்கியிருந்தார்கள். இந்த இரண்டு பேரும் திருவாரூர்ப் பக்கம். பெரியவர் ராமாமிர்தம், சின்னவன் பக்கிரி. குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்த பக்கிரி தொட்டியைப் பார்த்ததும் சொம்பை மறந்தான்.

"இது என்னக்கா, மொறைச்சுப் பாக்குது?"

"முட்டைக்குக் காவல் நிக்குது தம்பி. ஒம்போது பத்து நாளா சரியாத் தின்னக்கூட இல்ல."

குந்தி உட்கார்ந்து பார்த்தான். தன் முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய் அதைத் திருப்பி முறைத்தான். அது அசைந்து கொடுக்காததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "இதுக்குத்தான் ஜெனரேட்டர் வச்சு ஓட்டறீங்களா? இருங்கக்கா. மொத வேலையா ஒங்க வூட்டு ஒயர மாட்டிடறேன். லைன் வந்த ஒடனே மொத வெளக்கு ஒங்க வூட்லதான் எரியும்."

அவள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அவன் சொன்னபடியே செய்தான். தெருக் கடைசிக் கம்பத்திலிருந்து இவர்கள் வீட்டுக்கு வருகிற ஒயரை முதலில் இழுத்துக் கட்டினான். மற்ற வீட்டு ஒயரெல்லாம் இன்னும் தரையில் கிடந்தன. மங்கலம் முணுமுணுத்தாள். அப்புறம் இருவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு, அறுந்த லைன் கம்பியை இணைக்க அதே கம்பத்துக்குப் போனார்கள்.

அந்த நேரம் ஜெனரேட்டர் ஆறிக்கொண்டிருந்தது. "கரண்டு வந்தா ஒரு சத்தம் குடு அமராவதி, ஒனக்குத்தான மொத மரியாதை" என்று மங்கலம் எதிரிலிருந்து கத்தினாள். மெயின் ஆஃபில் கிடந்தால் கரண்டு வந்தது எப்படித் தெரியும்? அமராவதி மெயினைத் தூக்கிவிட்டாள். கூடத்து ஃபேன் சுவிட்சையும் போட்டுவைத்தாள். ஃபேன் சுற்றினால் கரண்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எட்டு நாளாக இருட்டில் கிடந்தவள் செய்கிற காரியம்தான். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் போட்டுவைத்திருந்தார்கள்.

அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால், மாமா சங்குக்கு வெளியே பாதி உடம்பு சரிந்து கிடந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. விசிறிக்கொண்டே இருக்கிற வால் நின்றுபோயிருந்தது. பெண் மீன் மேலே வந்து தண்ணீர் விளிம்பில் வாயை வைத்திருந்தது. தண்ணீர் கெட்டுத்தான் போய்விட்டது. சாயங்காலம் பொரிய வேண்டிய உயிர், அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது? கொல்லைக்கு ஓடினாள். ஒயர் சொருகியபடியே இருந்தது. கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை, இரண்டாவதில் பிடிக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் படபடவென்று கிளம்பியது.

உள்ளே ஓடிவந்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "ஐயோ, கரண்டு வந்துடுச்சு!" என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அப்புறம் ஜெனரேட்டர் சத்தம் காதில் விழுந்ததும், தன் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரித்தாள். தொட்டியில் காற்றுக்குமிழ் மேலே ஏறியது. மாமாவின் வால் ஒரு தடவை அசைந்தது, இன்னொரு தடவை அசைந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடும்போதுதான் தெருக்கோடியில் ராமாமிர்தம் அலறுகிற சத்தம் கேட்டது.

அவள் வாசலுக்கு ஓடவில்லை. முதலில் மெயினைப் பார்த்தாள். அது மேலே நின்றது.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது பக்கிரி கம்பத்தடியில் கிடந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. ராமாமிர்தம் அவன் நெஞ்சைக் குத்திக் குத்தி "பக்கிரி, டேய் பக்கிரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரமானது. விழுந்த மரத்தையெல்லாம் தாண்டித்தானே வர வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு மணிக்கு ஸ்ரீதர் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, "அமரா, முட்டை நல்லா இருக்குதா?" என்றார்.

அவள் அவரைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகு போய் மெயினைக் கீழே இறக்கினார். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டா, மெயின் ஆஃப்ல இருந்துச்சுன்னு சொல்லு."

"ஏங்க..."

"சொல்லு அமரா. ஒன்னை ஜெயில்ல வச்சுப் பாக்க என்னால முடியாது."

சாயங்காலம் அன்பரசு வந்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போனான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் முட்டைகள் பொரிந்தன. நூல் துணுக்குப் போல, இரண்டு கண்ணோடு, குஞ்சுகள் தொட்டி முழுக்க மிதந்தன. ஏழு வருஷம் காத்திருந்த மனுஷர் ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து தொட்டியின்மேல் போட்டு மூடினார். குஞ்சுகளுக்கு என்ன தீனி, எப்படிக் கொடுப்பது என்று நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தவர், அந்த நோட்டைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் அமராவதி வேட்டியை விலக்கிப் பார்த்தபோது ஒரு குஞ்சும் இல்லை.

அதற்குள் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. மங்கலம் வீட்டில் டிவி அலறியது. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது. "காலையிலயே தண்ணியப் போட்டுட்டு ஏறியிருக்கான். இல்லன்னா லைன் இருக்குதான்னு பாக்காம கைய வைப்பானா? வெளியூர் ஆளுங்களே அப்படித்தான்." மங்கலம் சொன்னாள், பெட்டிக்கடைக்காரர் சொன்னார், பால்காரர் சொன்னார். நாலாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் அமராவதியிடமே வந்து ஒருத்தி சொன்னாள். அமராவதி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அவன் குடிக்கலங்க. என் கையால டீ குடிச்சிட்டுப் போனான்."

"செத்தவனுக்கு இனிமே எந்தப் பேச்சும் வலிக்காது" என்றார் ஸ்ரீதர் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அவனப் பெத்தவங்களுக்கு வலிக்காதா?" என்று கேட்டவள், அவர் பதிலுக்கு நிற்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவர் பின்னாலேயே வாசல் வரை வந்தார். "அமரா, அமரா" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அதற்குமேல் வரவில்லை.

வெளியூர் ஆட்களைத் தங்கவைத்திருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ராமாமிர்தம் மட்டும் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடக்கத்துக்கு ஊருக்குப் போனவரை, ஆள் பற்றாதென்று மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள். நாலு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவளுக்கு, அங்கே நின்றதும் எதுவும் ஞாபகம் வரவில்லை. "எங்க வூட்டு ஜெனரேட்டருதாங்க. நான்தான் இழுத்தேன். மெயின ஆஃப் பண்ணல" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஊரே அவனக் குடிகாரன்னு சொல்லுது. நீங்க ஏன் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கேக்கல?"

ராமாமிர்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கம்பத்துல ஏறுமுன்ன கம்பிய மண்ணோட இணைச்சு எர்த் போடணும். அவசரத்துல போடல. அது நான் பாத்திருக்கணும், பெரியவன் நாந்தான. அத விடுங்க. நீங்க கயித்த இழுக்குறது எங்களுக்குக் கேட்டுச்சும்மா. ஒரு தடவ இழுத்தீங்க, நின்னுது. மறுபடி இழுத்தீங்க. அவன் ஏணி மேல நிக்கிறான். 'எறங்குடா, அந்த வூட்ல மெயின நிறுத்தியிருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்'னேன். அவன் எறங்கல. மேலேருந்து சிரிக்கிறான். 'வேணாம்ணே, அந்த அக்கா வூடு அது. ஒரு மீன் முட்டைய அப்படிப் பாக்குறவங்க, மனுஷன் ஏறி நிக்கயில பாக்காமலா இருப்பாங்க'ன்னான். சரின்னு நானும் நின்னுட்டேன்."

அமராவதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"இத எங்க போயி சொல்லணும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல. சொன்னா நீங்களும் மாட்டுவீங்க, நானும் மாட்டுவேன்."

"நான் போறேன். நீங்க வரீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.